அண்ணன் ஒளித்து வைத்த சிங்கங்கள்

என் அண்ணன் மாமாங்கத்துக்கு எதற்கெடுத்தாலும் வெட்கம். பஸ்ஸில் மணிக்கயிற்றை இழுத்தால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களாம். வேறு யாராவது இழுக்கும்வரை பேசாமல் இருந்து, இரண்டு தரிப்புத் தள்ளி இறங்கி, பனிக்குள் நடந்து வருவார். நான் மீன் பொரித்தால் கதவின் கீழ் இடைவெளியில் துவாயைச் செருகுவார். தொழிற்சாலையில் கறி மணக்குமென்று ஒரு மாரிகாலம் முழுக்க வெறும் பாணும் வாழைப்பழமும் தின்ற மனிதர்.

"நாலு பேர் என்ன நினைப்பாங்க, தங்கச்சி" என்பதுதான் அவர் வாயில் எப்போதும் நிற்கும் பேச்சு.

"ஆர் அண்ணன், அந்த நாலு பேர்? ஒருக்கா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வாங்க, தேத்தண்ணி ஊத்திக் குடுக்கிறன், பார்ப்பம்" என்பேன் நான். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

எங்களுக்கு மட்டக்களப்பு. அம்மா அப்பா இல்லை. அண்ணன் கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலைக்கு நின்றவர். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் சிங்களக் காடையர் கடையை எரித்தார்கள். அகதி முகாமுக்கு ஓடி, அங்கே பொம்பிளைகளுக்கு முன்னால் கிழிந்த சாரத்தோடு கிடந்தாராம். உயிர் தப்பியதைச் சொல்லமாட்டார், அந்தக் கிழிந்த சாரத்தைத்தான் சொல்லுவார். அடுத்த வருஷம் ரொறன்ரோவுக்கு வந்தார். பிறகு என்னையும் எடுப்பித்தார். எனக்கு ஒரு வழி பண்ணாமல் தான் கலியாணம் கட்டமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றதால், எனக்கு முப்பத்தொன்றாகும்போது அவருக்கு முன்மயிர் கொட்டிவிட்டது.

ஸ்காபரோவில், அஜின்கோர்ட் பக்கம், ஒரு சீன வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். கீழே வீட்டுக்காரி, ஹொங்கொங்கிலிருந்து வந்த விதவை. லாம் அம்மா என்று கூப்பிடுவோம். முன்வாசல் ஒன்றுதான், எல்லாருக்கும் அதுதான் வழி. அந்த வாசலின் இரண்டு பக்கமும், முழங்கால் உயரத்தில், இரண்டு கற்சிங்கங்கள் தெருவைப் பார்த்தபடி இருந்தன. ஆண் சிங்கத்தின் காலடியில் ஒரு பந்து, பெண் சிங்கத்தின் காலடியில் ஒரு குட்டி.

அவை ஏன் அங்கே இருந்தன என்று விளங்க எனக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. எதிர்த் தெரு நேரே வந்து எங்கள் வாசலில் முட்டும். எங்கள் ஊரில் இதைத் தெருக்குத்து என்போம், அதற்குப் பிள்ளையாரை வைப்போம். அவர்கள் சிங்கத்தை வைக்கிறார்கள். நமக்கு மனையடி சாஸ்திரம் போல அவர்களுக்கு ஃபெங் சுய். பந்துக்காரன் வீட்டைக் காப்பானாம், குட்டிக்காரி வீட்டிலிருக்கும் மனிதரைக் காப்பாளாம். முகத்தை உள்ளே திருப்பக்கூடாது, சோடியைப் பிரிக்கக்கூடாது. லாம் அம்மா தன் துண்டு துண்டு ஆங்கிலத்தில் இதையெல்லாம் சொல்லிவிட்டு, குட்டியின் தலையைத் தடவி, "மேலே இருக்கிற உங்களுக்கும் சேர்த்துத்தான்" என்றார்.

எண்பத்தேழு ஐப்பசியில் எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. அண்ணனோடு வேலை செய்யும் அன்புராசா கொண்டுவந்தது. மாப்பிள்ளை மகேஸ்வரன், ரெக்ஸ்டேலில் தாயோடு இருக்கிறவர். ஊர் கல்லாறு, ஆனால் வளர்ந்ததெல்லாம் கொழும்பு வெள்ளவத்தையில். அந்த வெள்ளவத்தை வீட்டையும் எண்பத்து மூன்றில் எரித்துவிட்டார்கள். எண்பத்தாறில் எனக்குப் பேசிவந்த ஓர் இடம், காரணம் சொல்லாமலே கைவிட்டுப் போயிருந்தது. இதுவும் தப்பினால் இனி யாரும் கேட்டு வரமாட்டார்கள் என்று அண்ணனுக்குப் பயம். எனக்கும்தான். வாய் நீளமாக இருந்தால் பயம் இல்லையென்று அர்த்தமா?

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. அதற்கு முந்தின கிழமை வீட்டைப் பார்க்க வந்த அன்புராசா வாசலில் நின்று சிரித்தான்.

"என்ன மாமாங்கண்ணை, சிங்கக் கொடிக்காரனுக்குக் காவல் நிக்கிறீங்களோ? வீடு எரிஞ்ச சனம் வருகுது. வாசலிலயே ரெண்டு சிங்கத்தை வெச்சு வரவேற்கப் போறீங்க!"

இலங்கைக் கொடியில் வாளேந்தி நிற்கும் சிங்களச் சிங்கத்தைச் சொன்னான். சும்மா பகிடிதான். ஆனால் அண்ணனின் முகம் செத்துப்போயிற்று. அன்றிலிருந்து அவர் படியேறும்போதெல்லாம் சிங்கங்களைப் பார்க்காமல் ஏறினார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் லாம் அம்மா ஸ்படைனாச் சீனக் கடைத்தெருவில் சிநேகிதிகளோடு தேநீர் குடிக்கப் போவார், பொழுது பட்டபிறகுதான் வருவார். அன்றும் எனக்கு நல்லது நடக்கட்டும் என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் கீழே ஏதோ இழுபடும் சத்தம் கேட்டது. யன்னலால் பார்த்தேன். அண்ணன் பழைய போர்வையொன்றில் ஆண் சிங்கத்தைக் கிடத்தி, கராஜுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்.

ஓடிப்போய் மறித்தேன்.

"உங்களுக்கென்ன விசரா? அது சீனச் சிங்கம்!"

"சிங்கம் எண்டா சிங்கம்தான் தங்கச்சி. வாற சனத்துக்கு மனசு நொந்தா?"

"தெருக்குத்துக்கு வெச்சது. எங்கட ஊரில எண்டா பிள்ளையாரைத் தூக்குவீங்களோ? அவவிட்ட ஒரு சொல்லுக் கேட்டீங்களோ?"

"எப்பிடிக் கேக்கிற? உங்கட சிங்கம் எங்களுக்கு வெக்கமா இரிக்கு எண்டோ?" குரல் உடைந்தது. "அவ வரமுன்னம் திருப்பி வெச்சிருவன். நீ போய்ச் சீலையைக் கட்டு."

பெண் சிங்கத்தை அவர் அவசரத்தில் தூக்கினார். கராஜ் வாசலில் கை வழுக்கியது. குட்டியின் தலை உடைந்து, உருண்டுபோய்ப் புல்லுவெட்டும் மெஷினடியில் நின்றது. அண்ணன் அதை எடுத்து, பொருத்திப் பார்த்து, திரும்பவும் பொருத்திப் பார்த்து, கடைசியில் தலையைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, மற்றதையெல்லாம் போர்வையால் மூடினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, சீலை கட்ட மேலே போனேன்.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். தாய் நாகேஸ்வரி அன்ரி நல்ல கலகலப்பு. பயிற்றம் பணியாரத்தைக் கடித்துவிட்டு, "ஆர் சுட்டது? நீயோ மகள்? கை நல்லாத்தான் இரிக்கு" என்றார். மகேஸ்வரன் என்னைப் பார்ப்பதும் கோப்பையைப் பார்ப்பதுமாக இருந்தார். எல்லாம் சரிவரும் போலிருந்தது. அண்ணன்தான் கதிரை நுனியில் இருந்து கைகளைப் பிசைந்துகொண்டிருந்தார்.

தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைக்க எழும்பியவள் யன்னலால் கீழே பார்த்தேன். வாசற்படியில், சிங்கம் இருந்த இடத்தில், குசினி ஸ்டூலைப் போட்டு லாம் அம்மா உட்கார்ந்திருந்தார். கோட்டும் தொப்பியும் போட்டு, மடியில் ஒரு பலகாரப் பெட்டியை வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தபடி இருந்தார். குளிர்காற்று வீசிக்கொண்டிருந்தது.

இறங்கி ஓடினேன். "இங்கே என்ன செய்கிறீர்கள்? உள்ளே வாருங்கள்" என்றேன் ஆங்கிலத்தில்.

"நீ போ, நீ போ" என்று கையை ஆட்டினார். "உன் ஆட்களுக்கு முட்டை டார்ட் வாங்கிக்கொண்டு நேரத்தோடே வந்தேன். வாசல் வெறுமை. உன் அண்ணன் சிங்கத்தைக் கழுவக் கொண்டுபோனாரா, உன் நாளுக்காக? நல்ல மனிதர். காயும்வரைக்கும் நான் இருக்கிறேன். பெண்ணுடைய நாள். வாசலில் யாராவது இருக்க வேண்டும்."

எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது. பெட்டியை வாங்கிக்கொண்டு மேலே வந்தேன்.

"என்ன மகள், ஆர் கீழே?" என்று கேட்டார் நாகேஸ்வரி அன்ரி.

ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "வீட்டுக்கார அம்மா. வாசலில ரெண்டு கற்சிங்கம் நிக்கும், காவலுக்கு. நீங்க கண்டா மனம் நோவீங்க எண்டு அண்ணன் ஒளிச்சுப்போட்டார். கழுவக் கொண்டுபோனதெண்டு நினைச்சு, இப்ப அவ தானே காவலுக்கு இரிக்கா" என்றேன்.

அண்ணன் தலையைக் குனிந்தவர் குனிந்தவர்தான்.

"எங்கட வீட்டை எரிக்க வந்தது ஆக்கள், தம்பி" என்றார் அன்ரி மெதுவாக. "கல்லு வரல்ல. ஒரு வயசு போன மனுசியைக் குளிருக்க இருத்திப்போட்டோ எனக்குத் தேத்தண்ணி தாறீங்க?"

அண்ணன் எழும்பிப் போனார். நாங்கள் பின்னால் போனோம். கராஜிலிருந்து பெண் சிங்கத்தை நெஞ்சோடு அணைத்துத் தூக்கிவந்து, லாம் அம்மாவின் காலடியில் வைத்தார். சட்டைப்பையிலிருந்து குட்டியின் தலையை எடுத்துக் கொடுத்தார். லாம் அம்மா அதை வாங்கி, உடைந்த பக்கத்தை விரலால் தடவினார். பிறகு மற்றக் கையால் என் கையைப் பிடித்தார்.

"நல்லது" என்றார். "இந்தப் பெண்ணுக்கு வரவிருந்த அடியை இது வாங்கிவிட்டது. காவல் அப்படித்தான்."

அன்ரிக்கு அது விளங்கியது. கண் கலங்க என்னைப் பார்த்துச் சிரித்தார். அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் அண்ணன் விடவில்லை; தனக்கு ஆங்கிலம் ஓடாததால் என்னிடம் திரும்பினார்.

"இல்லயெண்டு சொல்லு. கழுவக் கொண்டுபோகல்ல. வெக்கத்தில ஒளிக்கப் போய் உடைச்சதெண்டு சொல்லு."

"அண்ணன், சும்மா இருங்க."

"சொல்லு தங்கச்சி."

சொன்னேன். லாம் அம்மா என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்தார்.

"என் சிங்கம் உனக்கு வெட்கமா?"

இந்தக் கேள்விக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அண்ணன் ஆமென்று தலையாட்டினார்.

என் கையைப் பிடித்திருந்த கை விலகியது. லாம் அம்மா ஸ்டூலை எடுத்துக்கொண்டு உள்ளே போய், தன் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். குட்டியின் தலையையும் கொண்டுபோய்விட்டார்.

மேலே நாகேஸ்வரி அன்ரி சம்மதம் சொன்னார், தையில் நாள் பார்ப்போம் என்றார். நான் சந்தோஷப்பட்டேன், சந்தோஷப்பட்டதற்காகவும் வெட்கப்பட்டேன். அண்ணன் மேலே வரவேயில்லை. வந்தவர்கள் போகும்போது வாசலில் கோட் இல்லாமல் நின்றுகொண்டிருந்தார். எதிர்மூலை வீட்டுச் சனம் யன்னல் சீலையை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் அசையவில்லை.

"சரிவந்திட்டுது அண்ணன்" என்றேன். "உள்ளுக்கு வாங்க, சனம் பார்க்குது."

"பார்க்கட்டும்" என்றார். "அவ கதவைத் திறக்கட்டும், வாறன்."