சிவப்பு இழைக்கு அந்தப் பக்கம்

இது கட்டிவிட்ட கதை என்பவர்கள் முள்ளிப்பட்டுக்கு வந்து ராஜவேலுவின் நோட்டைப் புரட்டிப் பார்க்கலாம். தேதி, மணி, நிமிஷம் எல்லாம் இருக்கிறது. பேயும் இல்லை பிசாசும் இல்லை என்று காலேஜில் பையன்களுக்குப் பிசிக்ஸ் சொல்லிக்கொடுத்த மனுஷன். பொய்யை நிமிஷக் கணக்கில் எழுதி வைக்க அவனுக்கு என்ன தலையெழுத்து?

நெசவுக் குடும்பம். விடியலில் தறி, பிறகு காலேஜ். புடவையில் கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம் என்றால் தறிக்கு இரண்டு பேர் வேண்டும். ராஜவேலு நடுவில் உட்காருவான். அவன் மனைவி அபிதகுசாம்பாள் ஓரத்திலிருந்து கரைக்கான நாடாவை, குறுக்கிழை ஓட்டும் அந்தச் சின்ன மர ஓடத்தை, எறிவாள். தறிச் சத்தத்தில் பேச்சு கேட்காது. அதனால் நாடாவால் தறிக்கட்டையில் தட்டுவார்கள். இரண்டு தட்டு என்றால், இழை அறுந்துவிட்டது, முடிச்சுப் போடுகிறேன், பொறு. மூன்று தட்டு என்றால், வா.

1983-ல் அவனுக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. மெட்ராஸ் லைப்ரரியில் ஒரு கட்டுரை படித்துவிட்டு வந்தான். வானத்தில் கருந்துளை என்று ஒன்று உண்டு, அதில் விழுந்தது வெளிச்சமானாலும் திரும்பாது. ஆனால் அதன் விளிம்பில் ஏதோ ஜோடி ஜோடியாகப் பிறக்கிறதாம். ஒன்று உள்ளே விழுந்துவிட, மற்றது தப்பி வெளியே வருகிறதாம். அதனால் துளைக்கு லேசான சூடு உண்டாம். அந்தச் சூட்டை இங்கிருந்து யாரும் பார்க்க முடியாது. ஓடுகிற தண்ணீரில் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கலாம் என்றது கட்டுரை. அலையைவிடத் தண்ணீர் வேகமாக ஓடினால், அலையால் எதிர்த்து ஏற முடியாது. அந்த இடம்தான் விளிம்பு.

பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மாளின் பழைய சாயக் கொட்டகையில் பதினெட்டு அடிக்குப் பலகைத் தொட்டி போட்டான். கொட்டகை நடுவில் குறுக்குச் சுவர், அதன் அடியில் தொட்டி புகுந்து போகும். மோட்டார் கிணற்றுத் தண்ணீரை இறைத்துவிடும் மேல்கோடியில் இவன். சுவருக்கு அந்தப் பக்கம், கீழ்க்கோடியில் அவள். அவள் நாடாவால் தண்ணீரைத் தட்டுவாள், அலை ஏறி வருகிறதா என்று இவன் பார்ப்பான். சுவருக்கு இந்தப் பக்கம் அலை தோற்று நின்ற இடத்தில் அவளே ஒரு சிவப்புப் பட்டிழையைக் குறுக்கே கட்டினாள். “உங்க பைத்தியத்துக்கு என் பங்கு ஒரு இழை” என்று சிரித்தாள்.

கூரையில் நாலு ஓடுகளை எடுத்துவிட்டிருந்தான். சித்திரையில் சூரியன் நேர் உச்சிக்கு வரும் சில நாட்களில் மட்டும், அலையின் நிழல் தொட்டியின் அடியில் தெளிவாக விழும்.

சித்திரை பத்து. மணி 12.07. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. பலகையில் ஊன்றிய கையில் தட்டு உறைத்தது... டொக். டொக்.

இரண்டு தட்டு. முடிச்சுப் போடுகிறாள் என்று காத்திருந்தான். பதிமூன்று நிமிஷம் காத்திருந்தான். தொட்டியில் ஏது இழை, அறுந்துபோக? இருந்த ஒரே இழையும் அவன் கண்ணெதிரே முழுசாக இருந்தது. தறிப் பழக்கம் பாவியை உட்கார வைத்துவிட்டது. 12.20-க்கு எழுந்து போனால், மார்பைப் பிடித்தபடி கிடக்கிறாள். தூக்கிக்கொண்டு ஓடிக் கிருஷ்ணம்மாள் மடியில் கிடத்திவிட்டு, ஆரணி ஆஸ்பத்திரிக்கு வண்டி தேடி ஓடினான். வண்டியோடு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அவளோடு அந்த நாடாவையும் சிதையில் வைத்தார்கள். பொறு என்று தட்டினாளா, கூப்பிட்டாளா? ஒரு வருஷம் அவனுக்கு இதே கேள்வி. இரண்டு தட்டுதானே, பொறு என்றுதான் சொன்னாள் என்று தன்னைத்தானே நம்பவைத்து நாலு வாய் சோறு தின்றான்.

1984. அதே சித்திரை பத்து. கடைசியாக ஒரு தடவை ஓட்டிவிட்டுத் தொட்டியைப் பிரித்துப்போடத்தான் போனான். தனியாக. கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டு மோட்டாரைப் போட்டான்.

12.05. ஓட்டம் சீராக இருந்தது.

12.07. இழைக்குக் கீழே ஒரு நிழல்... நெளிந்தது. ஏறியது. இழையைத் தாண்டி வந்தது.

தாண்ட முடியாது. அவன் போட்ட கணக்கு அப்படி.

கையில்... டொக்.

இன்னொரு நிழல். டொக்.

இந்தத் தடவை அவன் பொறுக்கவில்லை. சுவரைச் சுற்றி ஓடினான்.

யாரும் இல்லை. தரை காய்ந்து கிடந்தது.

திரும்பி வந்து இழைக்குக் கீழே கையை விட்டான். கிணற்றுத் தண்ணீர். சில்லென்று இருக்க வேண்டும். வெதுவெதுவென்று இருந்தது... ஆள் கை மாதிரி.

“அபிதா... பொறுக்கச் சொன்னியா? கூப்டியா?”

தண்ணீரிலிருந்து கையை எடுக்காமல் நின்றான்.

12.30.

டொக்.

ஒன்றே ஒன்று. அதோடு தண்ணீர் சில்லிட்டுப் போனது.

சாயங்காலம் நோட்டோடு கிருஷ்ணம்மாளிடம் போனான். 12.07 அவனுக்குப் புரிந்தது. 12.30 புரியவில்லை. அந்த நேரம் அவள் கொட்டகையிலேயே இல்லையே என்றான். கிருஷ்ணம்மாள் நோட்டை மூடிக் கொடுத்துவிட்டாள். அதைக் கேட்காதே என்றாள். அவன் காலில் விழாத குறையாகக் கேட்டான்.

“நீ வண்டிக்கு ஓடிகினு இருந்த. உன் பொண்டாட்டிக்குக் கை சூடாத்தான் இருந்துச்சு. எங்க ஊட்டுக் கடியாரம் அரை மணிக்கு ஒரு அடி அடிச்சுது. அப்போ என் உள்ளங்கையில வெரலால ஒரு தட்டு தட்டுச்சு. ஒண்ணே ஒண்ணு. நரம்பு இழுக்குதுன்னு நெனச்சேன். அப்புறம் கை ஜில்லுன்னு ஆயிடுச்சு. நீ தாங்கமாட்டேன்னுதான் இத்தினி நாளு சொல்லல.”

நோட்டில் இரண்டே வரி. 12.07, இரண்டு. 12.30, ஒன்று.

ராஜவேலு இரண்டு வரியையும் விரல் விட்டுக் கூட்டினான். தறியில் மூன்று தட்டு என்றால், வா.