எலுவன்குளத்துக்கு ஒரேயொரு மூன்றரை

புத்தளத்தில் ஒரு சிறிய நலன்புரிச் சங்கத்தில் கணினி வேலைக்குச் சேர்ந்த புதிதில், வாசிப்புக் கண்ணாடி கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. குறிஞ்சிப்பிட்டியிலும் எலுவன்குளத்திலும் கண் பரிசோதனை முடிந்திருந்தது. ஆளுக்கொரு வரியாகப் பெயர், ஊர், பவர் எல்லாவற்றையும் நானே பதிந்திருந்தேன். அப்போது எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றுதான். ‘குரூப் பை’ என்ற கட்டளையை எழுதிப் பக்கத்தில் பவர் என்று போட்டால், எந்தப் பவரில் எத்தனை பேர் என்று கணினி எண்ணித் தரும். அப்படியே எண்ணி, பவருக்கு ஒரு பையாகக் கட்டி, சங்கத்தின் வான் வண்டியில் ஏற்றினேன்.

குறிஞ்சிப்பிட்டியில் இறங்கியதும், வான் ஓட்டும் அண்ணன், நாங்கள் ‘நானா’ என்று கூப்பிடுகிறவர், கேட்டார்.

“தங்கச்சி, இதுல இந்த ஊருக்கு எத்தின?”

எனக்குத் தெரியவில்லை. எல்லாப் பைகளையும் அவிழ்த்தோம். வந்தவர்கள் மாறி மாறிப் போட்டுப் பார்த்து, பிடித்ததை எடுத்துக்கொண்டார்கள். எலுவன்குளத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பாதிப் பேருக்குக் கண்ணாடி இல்லை. அடுத்த கிழமை வருவதாகச் சொல்லிவிட்டு வெட்கத்தோடு திரும்பினேன்.

மறுநாள் காலை, பவருக்கு முன்னால் ‘ஊர்’ என்று சேர்த்து, நடுவில் ஒரு காற்புள்ளி வைத்து ஓடவிட்டேன். ஊர், பவர் இரண்டும் ஒத்துப்போகிறவர்கள் தனித்தனிக் கூட்டமாகப் பிரிந்து, எண்ணிக்கையோடு திரையில் வந்தார்கள். எனக்குக் கைதட்ட வேண்டும்போல இருந்தது.

பக்கத்து மேசையில் இருந்த முன்னேஸ்வரத்து அக்கா எட்டிப் பார்த்தார்.

“எலுவங்குளம் எண்டு இன்னொரு ஊர் இருக்கே?”

ஒரு எழுத்தை நான் பிழையாகப் பதிந்திருந்தேன். கணினிக்கு அது வேறொரு ஊர். திருத்திவிட்டு மறுபடி ஓடவிட்டேன். அந்த வரி மட்டும் அப்படியே தனியாக நின்றது: எலுவன்குளம், 3.50, 1. அந்த ஊரில் வேறு யாருக்கும் அந்தப் பவர் இல்லை.

“ஒராளுக்காக ஓடர் பண்ணவா, அக்கா?”

“ஓம், பண்ணுங்க. அந்த ஒராளுக்கும் கண் தெரியத்தானே வேணும்.”

அடுத்த கிழமை எல்லாருக்கும் அளவாகக் கொடுத்து முடித்தோம். கடைசியில் அந்த மூன்றரைக்காரியின் வீட்டைத் தேடிப் போனோம். அவர் முற்றத்தில் சுளகோடு இருந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுளகைப் பார்த்தவர், விரலால் அரிசியைக் கிளறினார்.

“இவ்வளவு கல்லா இருந்திச்சு?”

வாசலில் நின்ற கணவர் சொன்னார், “அதத்தானே நான் ஒவ்வொரு நாளும் சாப்பிடேக்க சொன்னன். நீ நம்பல்ல.”

அந்த அம்மா சிரிக்கத் தொடங்கினார். கண்ணாடி மூக்கில் இருந்து வழுக்கி விழப் பார்த்தது. நானா வானில் சாய்ந்துகொண்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். கல் பொறுக்கி முடித்த அரிசியில் சோறு ஆக்கி, பூசணிக்காய்க் கறியோடு சாப்பிட வைத்துத்தான் எங்களை அனுப்பினார்கள்.