மஞ்சள் கொடி கட்டிய மடவை

“தோ ஆச்சு நைனா, துள்ளாத, துள்ளாத” என்று கொஞ்சியபடி மடவை மீனின் கண்ணை ஈரத்துணியால் மூடுகிறார் ஃப்ளோரன்ஸ். கண் மறைந்ததும் மீன் அடங்கிவிடுகிறது. பலகையில் கிடத்தி, மூக்கு முதல் வால்நுனி வரை அளந்து, முதுகுத் துடுப்பருகே எண் பொறித்த மஞ்சள் பிளாஸ்டிக் இழையொன்றைக் கொடிபோல் குத்துகிறார். பிறகு இரண்டு கையாலும் தண்ணீருக்குள் இறக்கி, அது தானாக வாலை அசைக்கும்வரை பிடித்துக்கொண்டே நிற்கிறார். படகோட்டி பாஸ்கர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பிடித்த மீனை விடுவதைப் பார்க்க நெட்டுக்குப்பத்தில் பிறந்தவருக்கு மனம் ஒப்புவதில்லை.

வல்லூர் அணைக்கட்டுக்குக் கீழே கொசஸ்தலை ஆற்றில் என்னென்ன மீன் இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று கணக்கெடுப்பதுதான் ஃப்ளோரன்ஸின் வேலை. ராயபுரத்துக்காரர். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தலையில் கணவர் பென்னியின் பழைய தொப்பி. வலை இழுக்கும்போது மாதாகோயில் பாட்டு தன்னால் வந்துவிடும். கல்யாணப் பந்தியில் இலையில் விழும் வஞ்சிரத்தைக்கூட விரலால் அளந்துவிட்டுத்தான் வாயில் வைப்பார். பென்னி அந்த நேரத்தில் பாயசத்தைத் தேடுவதுபோல் வேறு பக்கம் பார்ப்பார்.

“இந்தம்மா மீனுக்கு ஆதார் கார்டு குடுத்துகினு கீது” என்று குப்பத்தில் கேலி செய்வார்கள்.

“ஆமா, அட்ரஸ் மாறினா எனக்குச் சொல்லணும்ல?” என்பார் இவர்.

ஆனால் முதல் நாள் பாஸ்கர் படகு தர மறுத்தது கேலியால் அல்ல. “மீனு கீதுன்னு எழுதினா தண்ணி சுத்தம்னுவாங்க. இல்லன்னு எழுதினா ஆறே செத்துப்போச்சுன்னு கைகழுவிடுவாங்க. எப்டி எழுதினாலும் எங்களுக்குத்தான்க்கா பேஜாரு.”

ஃப்ளோரன்ஸ் வாதாடவில்லை. “எது கீதோ அதை எழுதறேன். நீயே கூட குந்திகினு பாரு” என்றார். அன்று உட்கார்ந்தவர்தான், இன்றுவரை துடுப்பை வேறு யாரிடமும் கொடுத்ததில்லை.

அணையடியில் கொடி குத்தி விட்ட மீன் ஒன்றாவது எண்ணூர் முகத்துவாரத்தில் வலையில் விழ வேண்டும். விழுந்தால், அனல்மின் நிலையச் சாம்பலும் சேறும் தாண்டி ஆற்றுக்கும் கடலுக்கும் இடையே மீனுக்கு வழி இருக்கிறது என்று அர்த்தம். இரண்டு வருடமாக ஒன்றும் வரவில்லை. மழைக்கு முன் வராவிட்டால் அணைக்குக் கீழே ஆய்வு கிடையாது என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். அதைப் பாஸ்கரிடம் சொல்ல ஃப்ளோரன்ஸுக்கு வாய் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாதாகோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தபோது போன் அடித்தது. முகத்துவாரத்தை ஒட்டிய நெட்டுக்குப்பத்தில் மீன் விற்கும் யசோதரா.

“யக்கா, முகத்துவாரத்து வலைல உன் மஞ்ச கொடி வந்துகீது!”

“வெட்டாத! அப்டியே ஐஸ்ல போடு!”

“வெட்டி வித்தாச்சுக்கா. செதிலு தேய்க்கசொல்ல கைல மாட்டிச்சு, கொடிய மட்டும் எடுத்து வெச்சிகினேன். மீனு திருவொத்தியூருக்குப் பூடுச்சு. தேரடியாண்ட டைலர் கடை வெச்சிகீதே வினிதா, அதான் வாங்கிகினு போச்சு.”

போனில் வந்த படத்தில் எண் தெளிவாக இருந்தது. போன வருடம் அணையடியில் விட்ட மீன்தான். ஆனால் வளர்ந்ததா, இளைத்ததா? பட்டுப்புடவையோடு ஆட்டோவில் ஏறினார் ஃப்ளோரன்ஸ்.

வினிதா கதவைத் திறந்தபோது கையெல்லாம் மஞ்சள்தூள்.

“யாரும்மா?”

“நீ வாங்கின மடவைய ஆத்துல வுட்டவ நான். கொஞ்சம் அளந்துக்கட்டுமா?”

வினிதா ஒரு நொடி விழித்தார். அடுத்த நொடி விழுந்து விழுந்து சிரித்தார். “அளக்கறதுன்னா என்னாண்டதான் வரணும்” என்று கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து நீட்டினார்.

தரையில் செய்தித்தாளை விரித்து, தலை முதல் வால் வரை துண்டங்களைப் பொருத்தினார்கள். ஜாக்கெட் தைக்கும் கண் சட்டென்று கண்டுபிடித்தது.

“இடுப்பாண்ட ஒரு துண்டு கொறையுதுக்கா. ஐயோ, அது தவாவுல கீது!”

ஓடிப்போய், பாதி வெந்த துண்டத்தைக் கரண்டியால் ஏந்திவந்து இடைவெளியில் வைத்தார். அது நெருப்பில் சுருங்கியிருந்ததற்குக் கொஞ்சம் விட்டுக் கணக்குப் போட்டாலும், மீன் போன வருட அளவைவிட நாலு விரல் நீளம் கூடியிருந்தது.

ஃப்ளோரன்ஸ் உடனே போனை எடுத்தார். பாஸ்கரைக் கூப்பிட்டார். “பாஸ்கரு, வழி கீதுடா. அணையாண்டேர்ந்து கடல் வரிக்கும் வந்துகீது. நல்லா தின்னு வளந்துகீது!”

மறுமுனையில் பாஸ்கர் யாரையோ பார்த்துக் கத்துவது கேட்டது: “டேய், நம்ம மீனு வந்துச்சுடா!”

செய்தித்தாளில் கிடந்த மீனின் படத்தையும் கொடியின் படத்தையும் மேலதிகாரிக்கு அனுப்பினார். ‘நல்லது. மழைக்குப் பிறகும் தொடருங்கள்’ என்று பதில் வந்தது. அதை இரண்டு தடவை படித்துவிட்டுக் கிளம்ப எழுந்தார்.

“எங்க போற? சாப்ட்டு போக்கா” என்று வினிதா வழிமறித்தார். குழம்பு கொதித்ததும் நடுத்துண்டமாகப் பார்த்து அள்ளினார்.

“அது உனக்கு” என்றார் ஃப்ளோரன்ஸ். பட்டு முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகி, தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, சட்டியிலிருந்த தலையைத் தன் தட்டுக்கு இழுத்துக்கொண்டார்.