பதின்மூன்றாவது கேள்வி

1. அம்மா எழுதிய கதைகள் அப்பாவின் பெயரில் புத்தகமாக வந்தன.
2. எங்கள் தீவு வானொலியில் உள்ளூர் எழுத்தாளர்களுக்கென்று ஒரு வாரம் ஒதுக்கினார்கள். ஒவ்வொரு மொழிக்கும் ஒருவர்; தமிழுக்கு அப்பாவைக் கூப்பிட்டார்கள்.
3. அம்மா பன்னிரண்டு கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் எழுதிக் கொடுத்தாள்.
4. பதின்மூன்றாவதாக ஒன்றைக் கேட்டார்கள்.
5. அப்பா அதற்கும் பதில் சொன்னார்.

நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. முதல் மூன்றும் எனக்கு ஓரளவு விளங்கின. நாலாவதில் குழம்ப ஆரம்பித்தேன்.

அம்மா அரசு அலுவலகத்தில் கிளார்க். புத்தகம் போடுவதானால் மேலிடத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்று அவளுடைய ஹெட் கிளார்க் சொல்லிவிட்டார். விண்ணப்பம் போனது. எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. கடல் தாண்டி மெயின்லேண்டில் அச்சகக்காரர் காத்திருந்தார். கட்டட வேலைகளைக் காண்ட்ராக்ட் எடுத்துச் செய்துவந்த அப்பாதான் வழி சொன்னார். "என் பேரைப் போட்டுக்கோ. எனக்கு எவன் மெமோ கொடுக்கப் போறான்?"

அப்படித்தான் பதினோரு கதைகள் அப்பாவுடையவை ஆயின. அவற்றில் ஒன்றையாவது அவர் படித்து நான் பார்த்ததில்லை. கப்பலில் வந்த புத்தகக் கட்டைப் பிரித்ததும் அட்டையைத் தட்டிப் பார்த்து, "நல்ல கெட்டி" என்றார். அவ்வளவுதான்.

பெயர் பரவியதும் சங்கடம் தொடங்கியது. அபர்டீன் பஜாரில் அப்பா வழக்கமாகச் சாமான் வாங்கும் கடைக்காரர் பெங்காலி. என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்டார்: "க்யா காண்ட்ராக்டர் சாப், கஹானி எழுதுறீங்களாமே? போன மாசம் குடுத்த எஸ்டிமேட்டும் நல்ல கஹானிதான்!" கடையிலிருந்த எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். வெளியே வந்ததும் ஆணி வாங்க மறந்துவிட்டோம் என்று நான் நினைவுபடுத்தினேன். "நாளைக்கு வாங்கிக்கலாம்" என்று நடையைக் கட்டினார்.

வானொலிக்காரர்கள் வந்தபோது அப்பா ஒரேயடியாக மறுத்தார். அம்மா வற்புறுத்தவில்லை. மறுநாள் காலை அப்பா, "சரி, என்ன சொல்லணும்னு எழுதிக் கொடு" என்றார்.

கேள்விகளையும் நீங்களே எழுதி அனுப்பலாம் என்று வானொலிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். அலுவலக ஃபுல்ஸ்கேப் தாளில் பன்னிரண்டு கேள்விகள் பதில்களோடு வந்தன. எப்போது எழுத ஆரம்பித்தீர்கள், தீவில் இருந்துகொண்டு தமிழில் ஏன் எழுதுகிறீர்கள், இப்படி. அப்பா சவரம் செய்துகொண்டே மனப்பாடம் செய்வார். நான் தாளை வைத்துக்கொண்டு கேள்வி கேட்பேன். தப்பாகச் சொன்னால் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பேன். ஏழாவது கேள்வியில் மட்டும் ஆறு புள்ளிகள் சேர்ந்தன.

"அப்பா பொய் சொல்லப் போறாராம்மா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"பேர் மட்டும்தான் அப்பாவோடது. பதில் எல்லாம் நெஜம்" என்றாள் அம்மா.

அது எப்படி என்று எனக்குப் பிடிபடவில்லை.

நிகழ்ச்சியில் ஒரு கதையைக் குழந்தைக் குரலில் வாசிக்க வைப்பார்கள். அதனால் என்னையும் அழைத்துப் போனார் அப்பா. கனமான கதவு, சுவரெல்லாம் துளைகள், எலும்பைத் தொடும் ஏ.சி. குளிர். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த இன்ஜினியர், "பாய் சாப், தோடா பீச்சே" என்று அப்பாவை மைக்கிலிருந்து தள்ளி உட்காரச் சொன்னார். பேட்டி எடுத்த அக்கா புத்தகத்தை உண்மையாகவே படித்திருந்தார். பக்கங்களில் அடையாளத்துக்குச் சீட்டு வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் வாசித்தது மூன்று பக்கக் கதை. ஒரு பெண் வீட்டுக்குத் தெரியாமல் மெயின்லேண்ட் கப்பலுக்கு டிக்கெட் எடுக்கிறாள். கப்பல் ஏறும் ஜெட்டியில் பையோடு வரிசையில் நிற்கிறாள். அவள் முறை வந்ததும் விலகி வீட்டுக்குத் திரும்பி, மீன் வாங்கிக் குழம்பு வைக்கிறாள். கதை முடிந்தது. எனக்கு அந்தக் கதை பிடிக்காது. கப்பலே கிளம்பாத கப்பல் கதை.

பிறகு பேட்டி. அப்பா நன்றாகவே சொன்னார். ஏழாவதைக்கூடச் சரியாகச் சொன்னார். நான் மனசுக்குள் எண்ணிக்கொண்டே வந்தேன். பன்னிரண்டும் முடிந்தன. எழுந்துகொள்ளலாம் என்று நினைத்தபோது அந்த அக்கா கேட்டார்: "பாப்பா வாசிச்ச கதையில அந்தப் பொண்ணு ஏன் சார் திரும்பிட்டா? காரணமே சொல்லலையே நீங்க?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் இல்லை என்று தலையாட்டினேன். தாளில் அது இல்லை.



"அது எனக்குத் தெரியாதுங்க" என்றார் அப்பா. "ஆனா அவ போறது அவ புருஷனுக்குத் தெரியும். ஜெட்டியில வேலை பாக்குற ஒருத்தன் சொல்லிட்டான். சைட்டைப் போட்டது போட்டபடி ஓடி வந்தான். வரிசையில அவளைப் பாத்தான். கூப்பிடலை. ஒரு சிமெண்ட் லாரிக்குப் பின்னால நின்னுட்டான்."

"ஏன் சார் கூப்பிடலை?"

"கூப்பிட்டா, கூப்பிட்டதுக்காக வந்த மாதிரி ஆயிடும்ல?"

அந்த அக்கா புத்தகத்தைப் புரட்டினார். "இதெல்லாம் கதையில இல்லையே?"

"இல்லைங்க. எழுதினவங்களுக்கு அது தெரியாது."

"எழுதினதே நீங்கதானே சார்?" என்று அவர் சிரித்தார்.

அப்பாவுக்கு இருமல் வந்தது. இன்ஜினியர் கையைத் தூக்கி நிறுத்தினார். தண்ணீர் கொடுத்தார்கள். பதிவுதான், வேண்டாததை வெட்டிவிடலாம், கவலைப்படாதீர்கள் என்றார் அந்த அக்கா. அப்பா முழு டம்ளரையும் குடித்தார். "கடைசியா சொன்னேனே, எழுதினவங்கன்னு, அதை மட்டும் வெட்டிடுங்க. மத்தது இருக்கட்டும்."

ஆட்டோவில் எங்கள் வீடு இருக்கும் ஷாதிபூருக்கு வந்தோம். இறங்கும்போது, "என்ன கேட்டாங்கன்னு அம்மாகிட்ட சொல்லாதே. அவளே கேட்டுக்கட்டும்" என்றார். பன்னிரண்டும் சரி என்று மட்டும் அம்மாவிடம் சொன்னேன். அப்பா தானாக ஏதோ சேர்த்துச் சொல்லிவிட்டார், மாட்டிக்கொள்ளப் போகிறார் என்று நாலு நாள் பயந்துகொண்டிருந்தேன்.

ஒலிபரப்பான மாலை, மறுநாள் படகு நேரங்களை வாசித்து முடித்ததும் நிகழ்ச்சி தொடங்கியது. அப்பா வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். காலையில்தான் துடைத்திருந்தார். அம்மா ரேடியோவுக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு பதிலுக்கும் உதட்டை அசைத்தாள். பதின்மூன்றாவது வந்ததும் உதடு நின்றது. முழுவதையும் கேட்டாள். பாட்டு போட்ட பிறகும் அப்படியே நின்றாள். பிறகு வாசலுக்குப் போனாள்.

"எந்த லாரி?" என்று கேட்டாள்.

"நீலக் கலர். ஒரு லைட் இருக்காது."

"அதைப் பாத்தேன்" என்றாள் அம்மா.

அப்பா துணியை மடித்தார். சண்டை வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. உள்ளே போன் அடித்தது. மாயாபந்தரிலிருந்து அத்தை. தம்பிக்குள் இவ்வளவு இருந்தது தனக்குத் தெரியாமல் போயிற்றே என்று அவர் கத்திப் பேசியது எனக்கே கேட்டது. "எனக்கும் இன்னைக்குத்தான் தெரிஞ்சது அண்ணி" என்றாள் அம்மா. கதையை எழுதியவளே அவள், அவளுக்கு என்ன தெரியாமல் இருந்திருக்கும்? நான் புத்தகத்தை எடுத்து அந்த மூன்று பக்கங்களையும் இரண்டு தடவை படித்தேன். லாரி எங்கேயும் இல்லை.

அடுத்த மாதம் அம்மா அலுவலகத்தில் புதிய விண்ணப்பம் ஒன்று கொடுத்தாள். இந்த முறை ஒவ்வொரு மேஜையாகப் பின்தொடர்ந்து போய்க் கையெழுத்து வாங்கினாள். இன்று அவள் பெயரில் மூன்று புத்தகங்கள் இருக்கின்றன. முதல் புத்தகம் மறுபதிப்பு வந்தபோது பெயரை மாற்றலாமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றுவிட்டாள்.

இருவரும் ஷாதிபூரில்தான் இருக்கிறார்கள். அந்த டிக்கெட்டை எடுத்தது எந்த வருடம் என்று நான் இருவரிடமும் கேட்டதில்லை. வரிசையில் நின்றவளின் இடுப்பில் குழந்தை இருந்ததாகக் கதையில் இல்லை. அப்பாவும் அப்படிச் சொல்லவில்லை. நான் அப்போது பிறந்திருந்தேனா, பிறந்திருந்தால் அன்று யாரிடம் இருந்தேன் என்று தெரியவில்லை.