தியாம்-சியூ மாமாவின் பாதம்

தியாம்-சியூ மாமா என் அம்மாவுக்குத் தம்பி. இருவருக்கும் நடுவில் ஒரு பெண் பிறந்து, நடக்கப் பழகும் வயதில் மீன்குளத்தில் விழுந்து போய்விட்டது. மாமாவுக்குப் பின் பிறந்த தம்பி சண்டைக்காலத்தில் கப்பலேறினான், திரும்பவில்லை. கடைசித் தங்கை பெங்ஹூத் தீவில் வாழ்க்கைப்பட்டுப் போனாள். ஆகத் தாத்தா வீட்டில் தங்கியவர் மாமா ஒருவர்தான். அவர் கட்டிக்கொண்டது போங்-யோ அத்தையை. அந்தப் பெயருக்கு ‘கிடக்கட்டும், வளரட்டும்’ என்று அர்த்தம். ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்தால் எங்கள் பக்கத்தில் அப்படித்தான் பெயர் வைப்பார்கள். அவர்களுக்கு ஒரே மகள், சியோக்-குவான்.

எங்கள் ஊர் லியாவா, தைனானுக்கு வடக்கே கடலோரத்தில். ஒருபக்கம் உப்பளம், மறுபக்கம் பால்கெண்டைக் குளங்கள், குளங்களுக்கு நடுவே மண்கரைகள். குடிப்பதற்கு ஆழக்கிணறு. அந்தத் தண்ணீர் இனிக்கும். அதைக் குடித்த எங்களுக்குத்தான் கால் போனது. முதலில் பாதம் மரத்துப்போகும். பிறகு வலி வரும், சிலருக்கு முந்தி, சிலருக்குப் பிந்தி. பிறகு விரல் கறுத்து, காய்ந்து, சுள்ளியாகும். அதைக் ‘காய்ந்த கருநாகம்’ என்போம். என் அம்மாவுக்கு இடது காலை எடுத்தபோது எனக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை.

கிணற்றுத் தண்ணீரில்தான் விஷம் என்று டாக்டர்கள் சொன்ன பிறகு, உள்நாட்டிலிருந்து குழாய் போட்டுக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு ஊராக வந்து, கடைசியில் லியாவா. குழாய்க்காரர்களோடு மாமா கூலிக்குச் சேர்ந்திருந்தார். மண் வெட்டுவது முடிந்தபின் அவருக்குச் சோதனை வேலை கொடுத்தார்கள். புதிதாகப் போட்ட குழாயின் இரண்டு முனையையும் அடைத்து, தண்ணீர் நிரப்பி, உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றி, கைப்பம்பால் அழுத்துவார்கள். முனையில் கடிகாரம் போல ஒரு மானி இருக்கும். அதன் முள் நின்ற இடத்தில் நின்றால் குழாய் நல்லது. இறங்கினால் எங்கேயோ ஒழுகுகிறது.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு இரும்புக் கம்பியை மண்ணில் குத்தி, அதன் தலையில் காதை வைத்துக் கேட்பார்கள். தெரு மண்ணில் அது கேட்கும். எங்கள் சேற்றுக் கரையில் கேட்காது. கரையில் ஈரத்தைப் பார்த்தும் சொல்ல முடியாது, இரண்டு பக்கமும் குளம், எப்போதும் கசியும். ஆனால் குளத்து நீர் வெயிலில் சூடாகும், குழாய் நீர் குளிர்ந்தே இருக்கும். அதனால் உச்சி வெயிலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் குழாய்மேலேயே நடப்பார்கள். எங்கே பாதம் சில்லென்று உணர்கிறதோ அங்கே தோண்டுவார்கள். குழுவில் எல்லாரும் நடப்பவர்கள்தான். மாமா கொஞ்சம் நிதானமாக நடப்பார், அதனால் அவரையே நடக்கவிட்டார்கள்.

குழுவுக்கு மேஸ்திரி சுவா என்பவர், உள்நாட்டுக்காரர். அவருடைய அக்கா வீட்டுக்குப் பம்பளிமாஸ் தோப்பு உண்டு. அந்த அக்கா மகனுக்குத்தான் சியோக்-குவானைப் பேசியிருந்தார்கள். மேஸ்திரியே பார்த்து, மேஸ்திரியே பேசிய சம்பந்தம். அந்த அம்மாள் பெண் பார்க்க வந்தபோது தேநீர்க் கோப்பையைக் கையில் வாங்கியதும் கேட்ட முதல் கேள்வி, “உங்க வீட்டுல நாகம் இருக்கா?” என்பது.

“இல்லீங்க” என்றார் மாமா.

“உங்க அக்காவுக்குக் கால் இல்லைன்னு சொன்னாங்களே?”

“அது கட்டிக்கொடுத்துப் போனவ. அவ காலு அவ புருஷன் வீட்டுக் கணக்கு” என்றாள் போங்-யோ அத்தை.

இதை நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா சிரித்தாள். “நல்லது. என் கால் யார் கணக்குலயாவது இருக்கட்டும்” என்றாள்.

கல்யாணம் அடுத்த வருஷம் இலையுதிர் காலத்தில் என்று நாள் வைத்தார்கள்.

அந்தக் குளிர்காலத்திலேயே மாமாவின் வலது பாதம் மரத்துவிட்டது. அத்தைக்குத் தெரிந்த விதம் இது: கால் கழுவக் கொதிநீரை வாளியில் ஊற்றினாள், பச்சைத் தண்ணீர் கலக்க மறந்துவிட்டாள். மாமா காலை உள்ளே வைத்துக்கொண்டு உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். தோல் சிவந்து உரிந்தபோதுதான் இருவரும் பார்த்தார்கள். அத்தை கத்தவில்லை. துணியைச் சுற்றினாள். அடுத்த வாரம் இடது பாதத்தையும் கிள்ளிப் பார்த்தாள். அதுவும் அப்படியே.

“யார்கிட்டயும் சொல்லாதே” என்றார் மாமா.

“நான் ஏன் சொல்றேன்? பொண்ணு போகட்டும் முதல்ல.”

அதற்குப் பிறகு மாமா ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டார். வெயிலில் வேர்த்துப் புழுங்கினாலும் கழற்றவில்லை. யாராவது கேட்டால் சிப்பி ஓடு குத்துகிறது என்பார். பாதத்துக்கு வேலை வராதவரை சரியாகத்தான் போயிற்று.

எங்கள் ஊருக்கு வரும் கடைசித் துண்டில் முள் இறங்கியது. மறுபடி அழுத்தினார்கள், மறுபடி இறங்கியது. மேஸ்திரி, “சியூ அண்ணே, பூட்ஸைக் கழற்று, நட” என்றார். மாமா நடந்தார். கரை நெடுக நடந்து திரும்பி வந்து, “ஒண்ணும் இல்லை” என்றார். மறுநாளும் நடந்தார், ஒன்றும் இல்லை. முள் மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது.

“என்ன அண்ணே, உன் பாதம் தூங்குதா?” என்று கூட வேலை செய்த ஒருவன் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். அத்தை அன்று சாயங்காலம் என் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்து இதைச் சொன்னாள். சொல்லும்போது முகத்தில் ஒன்றுமில்லை, மீன் செதில் எடுப்பது போலச் சொன்னாள்.

“வேற யாரையாவது நடக்கவிட்டா?” என்றேன்.

“விட்டா, முதல் நாளே கண்டுபிடிச்சிடுவான். நீ ஏன் கண்டுபிடிக்கலைன்னு கேப்பான். இந்த ஊருல பாதம் வேலை செய்யலைன்னா வேற என்ன காரணம் இருக்கு?”

“கையை வச்சுப் பார்க்கச் சொல்லேன்.”

“கரை முழுக்கத் தவழ்ந்துக்கிட்டா போவாரு? நாயா அவரு?”

அடுத்த நாள் உச்சியில் அத்தை வள்ளிக்கிழங்குக் கஞ்சித் தூக்கோடு கரைக்கு வந்தாள். நானும் உப்பளத்திலிருந்து வந்துகொண்டிருந்தேன், அதனால் பார்த்தேன். மாமா பூட்ஸைக் கழற்றி நடக்க ஆரம்பித்திருந்தார். அத்தை அவருக்கு முன்னால் நடந்தாள், வெறுங்காலோடு, திட்டிக்கொண்டே.

“கிழட்டுக் குரங்கே, கஞ்சி ஆறுது. தின்னுட்டு நடந்தா ஆகாதா? நேத்துத் தூக்கோட மூடியை எங்க வச்சே? கொல்லை வேலி சாய்ஞ்சு ஒரு மாசமாச்சு, வாத்து பூரா அடுத்த வீட்டுல முட்டை போடுது!”

குழுவில் இருந்தவர்களுக்கு நல்ல வேடிக்கை. “அண்ணி, இன்னும் சத்தமா! ஓங்-யா சாமி கோவில் வரைக்கும் கேக்கட்டும்!” என்றார்கள். அத்தை திட்டிக்கொண்டே போனாள், மாமா பின்னாலேயே போனார். அவர் பாதம் வைத்த இடத்தில் எல்லாம் அவள் பாதம் முன்பே பட்டிருந்தது.

மேஸ்திரி மாமாவுக்குப் பின்னால் சிறிது தள்ளி வந்துகொண்டிருந்தார். அவர் சிரிக்கவில்லை. மண்ணைப் பார்த்துக்கொண்டு வந்தார். நான் அவருக்கும் பின்னால் இருந்ததால் எனக்கும் தெரிந்தது. மாமா வலது கால் வைத்த இடத்தில் எல்லாம் ரத்தம். எங்கேயோ சிப்பி ஓட்டை மிதித்திருக்கிறார், ஆழமாகக் கிழித்திருக்கிறது. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. ஒருமுறைகூட நொண்டவும் இல்லை.

இரண்டாவது மதகைத் தாண்டியதும் அத்தை நின்றாள். தூக்கைக் கீழே வைத்தாள். “இதுக்கு மேல என்னால நடக்க முடியாது. இங்கயே உக்காந்து தின்னு” என்றாள்.

மாமா அங்கே குனிந்தார். உள்ளங்கையை மண்ணில் அழுத்தினார். கைக்கு இன்னும் உணர்ச்சி இருந்தது. “இங்க தோண்டுங்க” என்றார்.

தோண்டினார்கள். இரண்டு குழாய் சேரும் இடத்தில் ரப்பர் வளையம் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அந்த ஓரமாக நூல் போலத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. மேஸ்திரி வளையத்தை மாற்றச் சொன்னார். பிறகு தன் கழுத்துத் துண்டை எடுத்து மாமாவிடம் நீட்டினார்.

“எதுக்கு?” என்றார் மாமா.

“காலைப் பாரு.”

மாமா அப்போதுதான் பார்த்தார். துண்டை வாங்கவில்லை. அத்தை வாங்கினாள். கரைமேல் உட்காரவைத்துக் கட்டிவிட்டாள். மற்றவர்கள் குழிக்குள் இருந்தார்கள். மேஸ்திரி எங்கள் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்தார். அத்தை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘சம்பந்தம் போச்சு’ என்று எனக்குள் ஓடியது. அதற்காகக்கூட எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. எங்கள் ஊரில் அப்படித்தான், பாதம் மட்டும் மரத்துப்போவதில்லை.

“அண்ணி, கல்யாணத்தை இலையுதிர் வரைக்கும் தள்ள வேணாம்” என்றார் மேஸ்திரி. “குழாயில தண்ணி வந்ததும் இந்த மாசமே முடிச்சிடுங்க.”

அத்தை, “உங்க அக்கா கேப்பாங்களே, என்ன அவசரம்னு” என்றாள்.

“அவகிட்ட நான் பேசிக்கிறேன். மழை வர்றதுக்குள்ள, தோப்புல வேலை வர்றதுக்குள்ளன்னு ஏதாவது சொல்லிக்கிறேன்.” சிகரெட்டை மண்ணில் அமுக்கினார். “இது தண்ணியில வர்றது, ரத்தத்துல வர்றது இல்லை. எத்தனை ஊருக்குக் குழாய் போட்டிருக்கேன், எனக்குத் தெரியும். என் அக்காவுக்குத் தெரியாது. இப்ப அவளுக்குப் புரியவைக்க நேரமும் இல்லை, அவ்வளவுதான். அண்ணே, அன்னிக்கு நீ தோல் செருப்பு போட்டு நின்னு காட்டணும். முடியுமா?”

“முடியும்” என்றார் மாமா.

அன்று சாயங்காலம் மறுபடி அழுத்தினார்கள். முள் அசையவில்லை.

மறுநாள் வெளுப்புத்தூளைக் கரைத்துக் குழாய்க்குள் விட்டு நிறுத்திவைத்தார்கள். புதுக்குழாயின் உள்ளே சேறும் புழுவும் கை அழுக்கும் இருக்கும், அதையெல்லாம் அது கொல்லும். ஒரு நாள் அப்படியே ஊறவிட்டு, கடைசி முனையைத் திறந்து உப்பளத்து ஓடையில் விட்டார்கள். மீன்குளத்துப் பக்கம் ஒரு சொட்டும் போகாமல் மாமா மடையைப் பார்த்துக்கொண்டார். நாற்றம் குறையும்வரை விட்டார்கள். அப்படியும் கோவில் முன்னால் இருந்த பொதுக்குழாயில் முதல் தண்ணீர் வந்தபோது எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள்.

“இதையா குடிக்கணும்? துணி துவைக்கிற வாடை” என்றார்கள்.

என் அம்மாவை முதுகில் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். ஒரு வாய் குடித்துத் துப்பினாள். “காலைத்தானே எடுத்தாங்க, நாக்கை எடுக்கலையே” என்றாள். அவள் சாகும்வரை கிணற்றுத் தண்ணீர்தான் குடித்தாள். நான் அதைத் தடுக்கவில்லை. தடுத்திருந்தாலும் கேட்டிருக்கமாட்டாள்.

சியோக்-குவானின் கல்யாண நாள் காலையில் மாமா புதுத் தோல் செருப்புப் போட்டுக்கொண்டார். குதிகாலும் விரலும் மூடிய செருப்பு, உள்ளே அத்தை பஞ்சு வைத்திருந்தாள். மாப்பிள்ளை வந்தபோது வாசலில் நின்று வரவேற்றார். மாப்பிள்ளையின் அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். அவர் நின்றுகொண்டே இருந்தார். விருந்தில் ஒவ்வொரு மேசையாகப் போய்க் கோப்பையை உயர்த்திக் குடித்தார். மேஸ்திரி கூடவே நடந்தார், தோளில் கைபோட்டுக்கொண்டு, பாதி போதையில் இருப்பவர் போல. யார் யாரைத் தாங்குகிறார்கள் என்று பார்த்தவர்களுக்குத் தெரியாது.

பெண் கார் ஏறினாள். எங்கள் வழக்கம், கார் நகர்ந்ததும் அப்பன் ஒரு கிண்ணம் தண்ணீரைப் பின்னால் ஊற்றவேண்டும். கொட்டிய தண்ணீர் போல அவளும் திரும்பி வராமல் அங்கேயே நல்லபடி இருக்கட்டும் என்று. அத்தை கிணற்றுத் தண்ணீரைக் கிண்ணத்தில் எடுத்துவைத்திருந்தாள்.

மாமா வாங்கிப் பார்த்தார். அதை வாசல் ஓரத்தில் கொட்டிவிட்டார். “குழாய்த் தண்ணி கொண்டா” என்றார்.

“என்ன மனுஷன் நீ! வீட்டுத் தண்ணியைத்தான் ஊத்தணும். அது கவர்மெண்ட் தண்ணி, அதுவும் நாறுது!”

“நாறட்டும். கிணத்துத் தண்ணி அவ பின்னாலே போகக்கூடாது.”

கார் உறுமிக்கொண்டிருந்தது. மேஸ்திரி டிரைவரின் ஜன்னலில் கைவைத்து நிறுத்திக்கொண்டார். நான் கோவில் முன்னால் ஓடி, கிண்ணம் நிறையப் பிடித்துக்கொண்டு வந்தேன். மாமா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கினார். கார் நகர்ந்ததும் ஊற்றினார். பாதி தெருவில் விழுந்தது, பாதி அவர் செருப்பிலேயே விழுந்தது. அவர் காலை நகர்த்தவில்லை. சியோக்-குவான் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கக்கூடாது என்று சொல்லி அனுப்பியிருந்தோம்.

கார் உப்பளத்துத் திருப்பத்தில் மறையும்வரை அவர் நின்றார். பிறகு சாப்பாட்டுக்கு வந்தவர்களும் போனார்கள். மாமா விருந்து மேசை ஒன்றின் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்தார். அத்தை முட்டிபோட்டு உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். பஞ்சு அவ்வளவும் கறுப்பும் சிவப்புமாக ஒட்டிக்கொண்டிருந்தது. பெருவிரல் அந்தப் பஞ்சைவிடக் கறுத்திருந்தது.

“வலிக்குதா?” என்றாள்.

“இல்லை.”

“எப்ப வலிக்கும்?”

“அக்காவுக்கு விரல் கறுத்து ரெண்டு மாசத்துல வலிச்சது” என்றார் மாமா. “அந்தப் பன்றிக் கறி மிச்சம் இருக்கா?”

இருந்தது. அத்தை எடுத்துவந்து வைத்தாள். அவர் சாப்பிட்டார்.

மழைக்காலத்தில் வலது காலைக் கணுக்காலோடு எடுத்தார்கள். மற்றக் காலை அதற்கு அடுத்த வருஷம். சியோக்-குவானுக்கு அதற்குள் ஒரு பையன் பிறந்திருந்தான், மாமியார் எது கேட்டாலும் பதில் சொல்ல அவள் மடியில் அவன் இருந்தான். மாமா அதற்குப் பிறகு நெடுநாள் இருந்தார். அத்தை பொதுக்குழாயிலிருந்து தண்ணீர் பிடித்து வரும்போது அவர் ஒரு விரலை வாளிக்குள் விட்டுப் பார்ப்பார். குளிர்ச்சியாக இருந்தால் தலையாட்டுவார்.