மூன்றாவது தடவை

மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலில் ஈர ரவையை அப்பிக்கொண்டே பியானோவை முறைக்கிறார் மிருதங்கக்காரர். "அதைப் பாருங்க, ஸ்ருதி சேர்க்கிற வேலையே இல்ல. பொறந்ததுலேர்ந்தே தான் சரின்னு நெனப்பு." ரவை ஒரு சிட்டிகை கூடிவிட்டது. என்னிடம் சொல்லிக்கொண்டே நகத்தால் கிள்ளி எடுக்கிறார்.

பகலில் லிஃப்ட் மெக்கானிக். வெள்ளிதோறும் மாலையில் ஓர் உணவகத்து மேடையில் ஜாஸ்காரர்கள் மூவரோடு வாசிக்கிறார். "எங்க ஏறுறாங்கன்னு தெரியுது, எங்க இறங்குவாங்கன்னு அவங்களுக்கே தெரியாது" என்று குறைப்படுவார். ஒத்திகைக்கு முதலில் வந்து நிற்பவரும் அவரே. சாக்ஸபோன்காரர் தன்போக்கில் அலையும்போது இவர் கண்மூடித் தலையாட்டுவார். யாராவது பார்த்துவிட்டால் கழுத்துவலி என்பார்.

பியானோ வாசிப்பவர் இவருடைய மனைவியின் தம்பி. வம்பு அங்கேதான். மிருதங்கத்தில் முடிவுச் சொற்கட்டை மூன்று தடவை வாசித்து, மூன்றாவதன் கடைசி அடியில் எல்லோரும் சேர்ந்து நிறுத்த வேண்டும். மைத்துனருக்கோ இரண்டாவதிலேயே மனம் நிறைந்துவிடும். போன வெள்ளி நால்வரும் நான்கு இடங்களில் முடித்தார்கள்.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா மத்தளத்தை எடுத்துட்டு டிரம் செட் வெச்சுக்கறேன்" என்றார் உணவக முதலாளியம்மா. மேடை போவதைக்கூட மிருதங்கக்காரர் பொறுத்துக்கொள்வார். மிருதங்கத்தை மத்தளம் என்றதுதான் ஆறவில்லை.

இந்த வாரம் மேடையேறும் முன் கடைசிப் பாடம் நடந்தது.

"மாப்ள, எத்தனை தடவை?"

"மூணு, அத்தான்."

"ரெண்டுல உக்காந்துட்டா?"

"அக்கா சோறு போட மாட்டா."

"நானும் சேர்ந்து பட்டினி. ஞாபகம் இருக்கட்டும்."

ஒரு மணி நேரம் தேனாக ஓடியது. பிறகு முடிவு வந்தது. முதல் தடவை. இரண்டாவது தடவை. அதன் கடைசி அடியில் மைத்துனரின் பத்து விரல்களும் பரம திருப்தியோடு பியானோவில் இறங்கின. மூன்றாவதற்கு ஓங்கிய கையை மிருதங்கக்காரர் அந்தரத்திலேயே நிறுத்தினார். அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்த மற்ற இருவரும் அங்கேயே நின்றார்கள். கத்தரித்தாற்போன்ற முடிவு. அரங்கம் கைதட்டியது, முதலாளியம்மாவும்தான்.

மைத்துனர் முகமெல்லாம் பல்லாகத் திரும்பினார். "மூணு கரெக்டா விழுந்துச்சு இல்ல, அத்தான்?"

"கனகச்சிதம், மாப்ள."

முன்வரிசை மேசையிலிருந்து எனக்கு அவர் மடி தெரிந்தது. கைதட்டல் ஓயும் முன், துண்டின் மறைவில், விரல்கள் மூன்றாவது தடவையை ஓர் அடிகூட விடாமல் தொடையில் வாசித்து முடித்தன.