கிளாத்தி என்று சமைத்த மீன்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிறு மதியம், அரிமளத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. ஜெகதாப்பட்டினத்தில் ஐஸ் கம்பெனியில் வேலை பார்க்கும் என் கொழுந்தன், லீவுக்கு வந்தால் மீன் இல்லாமல் வரமாட்டான். அன்று கொண்டுவந்ததைக் கிளாத்தி என்றான். அதைத் தோலுரித்துத்தான் சமைப்போம். கொல்லையில் அவனே உரித்து, தலையையும் தோலையும் தென்னைக்கடியில் புதைத்துவிட்டு, வெள்ளை வெளேரென்று சதையை மட்டும் கொண்டுவந்து கொடுத்தான்.

நான் குழம்பு வைத்து முடித்தபோது என் கணவர் குளித்துக்கொண்டிருந்தார். பசி தாங்காமல் கொழுந்தன் மட்டும் முதலில் சாப்பிட்டான்.

"அண்ணி, ஒதடு மரத்துப்போன மாதிரி இருக்கு" என்றான் கொஞ்ச நேரத்தில். காரம் கூடிவிட்டதோ என்று நான் சிரித்தேன். அதற்குள் தண்ணீர்ச் செம்பு அவன் கையிலிருந்து நழுவியது. எழுந்தவன் கால் மடங்கி விழுந்தான்.

என் கணவர் பக்கத்து வீட்டுக் காரில் அவனைப் புதுக்கோட்டைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். அங்கிருந்து டாக்டரே எனக்குப் போன் செய்தார். "மீன் தலை கெடக்காம்மா? பல்லு எப்படி இருக்குன்னு பாருங்க."

கையாலேயே மண்ணைத் தோண்டினேன். கிளாத்திக்கு முதுகில் தடித்த முள் ஒன்று நிற்கும். இந்தத் தோலில் அது இல்லை. வாயில் மேலே இரண்டு, கீழே இரண்டு, கிளி மூக்கு மாதிரி ஒட்டிய பற்கள். சொன்னேன்.

"பேத்தைங்க அது. வேற யாரும் சாப்பிடலையே?"

பவளப்பாறை ஓரமாக மெதுவாக நீந்தி, ஏதாவது நெருங்கினால் வயிற்றைப் பந்தாக ஊதிக்கொள்ளுமே, அந்த மீன். செத்துக் கிடந்ததால் ஊதாமல் சாதுவாக இருந்து ஏமாற்றிவிட்டது. கொதிக்க வைத்தாலும் அதன் விஷம் போகாதாம். அடுப்பிலிருந்த சட்டியை அப்படியே கொண்டுபோய் அந்தக் குழியில் கவிழ்த்து மண்ணைத் தள்ளினேன்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மெஷின்தான் அவனுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மாற்று மருந்து கிடையாது, விஷம் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும் என்றார்கள். கண் மூடி, விரல்கூட அசையாமல் கிடந்தான். "என் கையாலயே கொன்னுட்டேனே" என்று அவன் தலைமாட்டில் அழுதேன். "சொந்தக்காரங்களுக்குச் சொல்லிறலாமா?" என்று என் கணவர் என்னிடம் கேட்டார்.

மறுநாள் விரல் அசைந்தது. பிறகு குழாயை எடுத்தார்கள். கரகரத்த குரலில் அவன் முதலில் பேசியது இதுதான்: "எல்லாம் கேட்டுச்சு அண்ணி. அண்ணன் கேட்டதும் கேட்டுச்சு. உசுரோடதான் இருக்கேன்னு சொல்ல, கண்ணைத் தொறக்க எவ்வளவோ பாத்தேன். முடியல."

 அந்த விஷம் உடம்பைத்தான் முடக்குமாம், நினைவைத் தொடாதாம்.

இப்போதெல்லாம் அசைவில்லாமல் படுத்திருக்கும் யாரைப் பார்க்கப் போனாலும், "நான் வந்துருக்கேன், நல்லாயிரும்" என்று அவர்களிடம் சொல்லாமல் நான் வேறு ஒரு வார்த்தை பேசுவதில்லை.